கையெழுத்துப் போடாமல் போங்கள்: அஜ்மானிலிருந்து அமெரிக்கத் தூதரகம் வரை

வளைகுடாவில் பதினைந்து வருடம் குப்பை கொட்டிய எனக்கு எந்த அரசாங்க அலுவலகமும் பயமில்லை என்று நினைத்திருந்தேன். போன நவம்பர் முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் தெம்போடுதான் மகள் மதுமிதாவை அழைத்துக்கொண்டு அபுதாபிக்குக் கிளம்பினேன்.

எனக்கு ஊர் கோவில்பட்டி, பிழைப்பு அஜ்மானில். இதற்கு முன் இரண்டு வருடம் ஹூஸ்டனில் வேலை பார்த்தபோது மதுமிதா பிறந்தாள். அந்த மண்ணில் பிறந்ததால் அவள் அமெரிக்கக் குடிமகள். நானும் மனைவியும் இந்தியர்கள். மூன்று பேரும் அமீரகத்தில் இருப்பது என் வேலையின் பேரில். அம்மா, மகள் இருவர் விசாவுக்கும் நான்தான் ஸ்பான்சர், அரபியில் கஃபீல்.

அவளுக்கு இப்போது பதினேழு வயது. பாஸ்போர்ட் ஜனவரியில் முடிகிறது, இங்குள்ள விசா டிசம்பர் கடைசியில். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் விசாவைப் புதுப்பிக்க முடியாது. பிப்ரவரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. தூதரகத்தில் ஒரு தரம் திருப்பி அனுப்பினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைக்குமோ தெரியாது. பத்து நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

இங்கே எந்தக் காகிதம் என்றாலும் முதலில் டைப்பிங் சென்டர்தான். எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் ஷாகுல் பாய் பாஸ்போர்ட்டுக்கான டிஎஸ்-11 படிவத்தை மளமளவென்று அடித்துக் கொடுத்தார். மதுமிதாவையும் கூப்பிட்டு, “இந்தா, இங்க ஒரு சைன் போட்டுரும்மா. கையெழுத்து இல்லாம போனா கவுன்ட்டர்லயே மாஃபி, கிடையாதுன்னு சொல்லி அனுப்பிருவாங்க” என்றார். போட்டாள். இங்கே எல்லாப் படிவமும் அப்படித்தான் போகும். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

காலை 5.40-க்கு வண்டியை எடுத்தேன். தூரம் சுமார் 170 கிலோமீட்டர். எமிரேட்ஸ் சாலையில் போனால் துபாய் டோல் இல்லை. அபுதாபிப் பாலத்தில் காலை நெரிசல் நேரம் என்பதால் நான்கு திர்ஹம். வழியெல்லாம் மகளுக்குப் பரீட்சை வைத்துக்கொண்டே போனேன். குடியுரிமைத் தேர்வுக் கேள்விகளை நெட்டில் எடுத்து அச்சடித்து, ஒரு வாரம் நானே உருப்போட்டிருந்தேன். அதிகாரி கேட்டால் பிள்ளை முழிக்கக் கூடாதல்லவா?

“செனட்டர் மொத்தம் எத்தனை பேரு?”

“நூறு. ஸ்டேட்டுக்கு ரெண்டு பேர். அப்பா, இதெல்லாம் என்கிட்ட கேக்க மாட்டாங்க.”

“கேட்டா?”

“ஐ வாஸ் பார்ன் தேர் பா. பொறந்தவங்களுக்கு டெஸ்ட் கிடையாது. வெளிய இருந்து போய் சிட்டிசன் ஆகறவங்களுக்குத்தான்.”

நான் நம்பவில்லை. அரசியல் சாசனத்தின் முதல் மூன்று சொற்கள், அதிபருக்கு நான்கு வருடம், செனட்டருக்கு ஆறு, கீழவை உறுப்பினருக்கு இரண்டு என்று அபுதாபிப் பாலம் வரை ஓட்டிவிட்டேன். கேட்டு அலுத்து அவள் தூங்கிப்போனாள்.

அப்பாயின்ட்மென்ட் 8.30-க்கு. போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். சோதனை முடிந்து, ஜன்னலில் இருந்த பெண் படிவத்தைப் புரட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. கையெழுத்தை அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும், இந்தப் படிவம் செல்லாது என்றார் ஆங்கிலத்தில்.  பிப்ரவரி, விசா, ஷாகுல் பாய் எல்லாம் சேர்ந்து கண் முன்னால் வந்தன. டைப்பிங் சென்டர், ஸ்பான்சர் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. வெற்றுப் படிவம் ஒன்றை நீட்டி, “உங்கள் மகளே நிரப்பட்டும், சார்” என்றார்.

பழக்கதோஷம், பேனாவை நான்தான் எடுத்தேன். மதுமிதா மெதுவாக அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவளுடைய படிவம் எதையும் அவள் நிரப்பி நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தந்தை பெயர், பிறந்த ஊர் எழுதினாள். அடுத்து, தந்தை அமெரிக்கக் குடிமகனா என்ற கட்டம். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு ‘இல்லை’யில் குறியிட்டாள். உண்மைதானே, ஆனாலும் வலித்தது.

அடுத்த ஜன்னலில் அதிகாரி வலது கையை உயர்த்தச் சொன்னார். நானும் உயர்த்திவிட்டேன். “நீங்கள் வேண்டாம், சார்” என்று அவர் சிரித்தார். எழுதியதெல்லாம் உண்மை என்று அவள் உறுதி சொல்லி, அவர் கண் முன்னால் கையெழுத்துப் போட்டாள். கேள்வி ஒன்றுகூட இல்லை. பெற்றோரில் ஒருவர் உடன் வந்திருக்கிறார் என்பதற்கு என் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்தார்கள். கட்டணம் 165 டாலர். 10.10-க்கு வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் கரக் சாயா, ஆளுக்கு இரண்டு திர்ஹம். மதுமிதா கேள்வித்தாளை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள்.

“இப்ப நான் கேக்கறேன். கவர்ன்மென்ட்ல மூணு ப்ராஞ்ச் என்னென்ன?”

“காங்கிரஸ், அதிபர்…” மூன்றாவது வரவே இல்லை.

“கோர்ட், அப்பா! ஒருத்தர் தப்புப் பண்ணா இன்னொருத்தர் தடுக்கணும்னுதான் மூணா வெச்சிருக்காங்க. பதினெட்டு ஆனா நான் ஓட்டுப் போடுவேன், இங்க இருந்தே. இருபத்தொண்ணு ஆனா உங்களுக்கும் அம்மாவுக்கும் கிரீன் கார்டுக்கு நான் அப்ளை பண்ணலாம். அப்ப நான்தான் உங்க கஃபீல்.”

சாயா புரையேறிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் தாய் தந்தை இருவருமே போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் அவருடைய ஒப்புதல் கடிதம் முறைப்படி வேண்டும். போட்டோ இரண்டுக்கு இரண்டு அங்குலம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழின் அசலும் நகலும் கொண்டுபோங்கள். படிவத்தை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், ஆனால் கையெழுத்து வேண்டாம். ஷாகுல் பாயிடம் சொன்னேன். “அல்லாஹ், இது தெரியாமப் போச்சே!” என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. விசாவும் புதுப்பித்தாகிவிட்டது, ஸ்பான்சர் இன்னும் நான்தான். பிள்ளை அப்ளை பண்ணினாலும் முதலில் கிரீன் கார்டு, அதன்பின் ஐந்து வருடம் அங்கே வாழ்ந்தால்தான் அந்தத் தேர்வு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போவேனா என்று எனக்கே தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வித்தாள் இன்னும் வண்டி டேஷ்போர்டில்தான் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது எடுத்துப் பார்க்கிறேன். கோர்ட்டை இப்போதெல்லாம் மறப்பதில்லை.