கேட்க வேண்டியவர்களைக் கேட்டவர்

காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாளிதழின் புகைப்படக்காரர் வந்து, "பாய் போயிட்டாருங்க. காலைல நெஞ்சு வலி" என்றார். நிருபர் ஹபீப் அவர்களைத்தான் சொன்னார். பதினோரு ஆண்டுகள் எங்களோடு பணியாற்றியவர்; கடைசி மூன்று ஆண்டுகளாக எங்களோடு இல்லை. ஏன் இல்லை என்பதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுதுவது அயோக்கியத்தனம்.

பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்திருந்த சமயம். சத்தியமங்கலத்துக்கு அப்பால் மலையடிவார ஊராட்சி ஒன்றின் தலைவர் பதவி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதுபற்றி 'மக்கள் கருத்து' என்று ஒரு பக்கம் போட ஆசிரியர் விரும்பினார். எழுதுவதற்குப் பாயும், பக்கத்தை அமைப்பதற்குத் துணை ஆசிரியரான நானும் போனோம்.

ஊரில் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். "அவிங்க நல்ல சனமுங்க. வேலைக்கு நாங்கதானுங்க கூப்புடறோம். அதுக்காக, தலைவருன்னு அவிங்க முன்னால நாங்க கையக் கட்டீட்டு நிக்கறதுங்களா?" என்றார் நிலபுலன் உள்ள ஒரு தோட்டக்காரர். "ஓட்டுப் போடறாங்கல்லங்க, அது பத்தாதுங்களா?" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்ட அத்தனை மரியாதையான பேச்சில் அத்தனை அழுக்கை அதற்குமுன் நான் கேட்டதில்லை. கேட்டிருப்பேன்; அருவருத்ததில்லை.

நோட்டு நிறைந்துவிட்டது, கிளம்பலாம் என்றேன். "யாருக்குப் பதவியோ அவங்களக் கேக்கலீங்களே?" என்று சொல்லிவிட்டுப் பாய் மலைப்பக்கம் நடந்தார்.

இருளர் குடியிருப்பில் மாதி என்ற பெண்மணி பேசினார். "எங்களக் கேக்கறதுக்கு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லீங்க. நாங்க அவிங்கள ஆள வரலீங்க. எங்களுக்குத் தண்ணிக் குழாய் எப்பன்னு பேசற எடத்துல எங்காளு ஒருத்தராச்சும் உக்காரோணுமுங்க. நான் நிப்பேன். எழுதிக்குங்க." பாய் ஒரு சொல் விடாமல் எழுதி, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினார்.

ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "அவிங்களா நம்ம பேப்பர வாங்கறாங்க?" என்றார். மாதியின் பேச்சைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். 'ஒட்டுமொத்த மக்களும் எதிர்ப்பு' என்று தலைப்பு வைத்தவனும் நான்தான்.

அந்தப் பக்கத்தை ஊர்க்காரர்கள் டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். "பேப்பரே சொல்லுது பாரு" என்று மாதியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மனுப் போட்டால் குடியிருப்பில் ஒருவருக்கும் வேலை கிடையாது, கடையில் அரிசி கிடையாது என்றார்கள். மாதி மனுப் போடவில்லை. வேறு யாரும் போடவில்லை. பதவி காலியாகவே கிடந்தது.

பாய் அந்தப் பக்கத்தை என் மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "இது கருத்தில்லீங்க. கட்டப்பஞ்சாயத்துக்கு நாம அச்சடிச்சுக் குடுத்த நோட்டீசு" என்றார். அன்றே வேலையை விட்டார். பிறகு ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திப் பிழைத்தார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மாதியோடு அரசு அலுவலகங்களில் போய் நின்றார்.

காலியாகக் கிடந்த அந்தப் பதவிக்கு மறுபடி தேர்தல் வந்தது. மாதி மனுப் போட்டார். தோட்டக்காரர்கள் தங்களிடம் கூலிக்கு இருந்த இருளர் ஒருவரை எதிராக நிறுத்தி ஜெயிக்கவைத்தார்கள். கையெழுத்து அவருடையது, ஆட்சி அவர்களுடையது. இதைக் கேட்டுப் பாயைத் தேடிப் போனேன். "இந்தத் தடவ மனுப் போட்டாங்கல்லங்க. அடுத்ததுக்கும் போடுவாங்க" என்றார். எனக்கு ஒரு டீ சொன்னார். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாயை அடக்கம் செய்த மையவாடியில் மண் போட வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "நம்ம பேப்பருக்கு நாலு வரி எழுதிக் குடுங்க. பழைய சங்கதியெல்லாம் வேண்டாமுங்க" என்றார். அருவருத்தேன், அவரை மட்டுமல்ல. அவருக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தச் சிறு பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

மண் ஈரமாக இருந்தது. இரண்டு பிடி போட்டேன். மூன்றாவது பிடியைப் போடக் கை விரியவில்லை. பின்னால் நின்ற பெரியவர் மெதுவாக, "போடுங்க, போகட்டும்" என்றார். போட்டேன்.

சென்று வாருங்கள், பாய்.