அம்மா ஒரு கோச் வைத்துப் பார்த்தாள்

விரிப்பின் இரண்டு முனைகள் அம்மாவிடம், இரண்டு என்னிடம். ஒரே உதறல். காற்று புகுந்து துணி எங்களுக்கு நடுவில் வெள்ளையாக எழும்பியது. அது தானாக இறங்கும்வரை அம்மா மடிக்கமாட்டாள். முகத்தைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"கை வலிக்குதும்மா."

"இருடி. என்ன அவசரம்?"

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வீட்டு வேலை அது.

அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். உலர்த்தியிலிருந்து வரும் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குவாள். "இதுல படுத்திருந்தவங்க வீடு போய்ச் சேந்தாங்களோ என்னவோ" என்பாள். யாரிடமும் அல்ல, துணியிடம்.

சலவையை இனி வெளியாளிடம் விடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அம்மாவுக்குப் பதிவறையில் ஒரு மேசை தருவார்கள், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். மாத இறுதிக்குள் சொல்ல வேண்டும். தெரிந்த நர்ஸ் ஒருத்தி, வேலை மாற நினைப்பவர்களுக்கு வழிகாட்டும் ஒரு பெண்மணியிடம் அம்மாவை அனுப்பினாள். கேரியர் கோச். முதல் சந்திப்பு இலவசம்.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேட்டாங்க. வீட்லதான், வேற எங்கன்னேன். சிரிச்சுட்டாங்க. அப்புறம், ஆசப்பட்டு யார்கிட்டயும் சொல்லாம விட்டது ஏதாவது இருக்கான்னாங்க. என்னை யாருடி இப்படிக் கேட்டிருக்கா?"

அப்பா செய்தித்தாளை இறக்கினார். "ஓட்டப்பந்தயத்துக்குத்தான் கோச் வைப்பாங்க. இந்த வயசுல இவ எங்க ஓடப் போறா?"

"உங்கள விட்டுட்டுத்தான்."

எதையும் வாங்குவதற்கு முன், அது வந்துவிட்டதாகவே நினைத்து ஒரு வாரம் வாழ்ந்து பார்ப்பது அம்மாவின் வழக்கம். ஃபிரிட்ஜ் வருமுன்னே அதற்கான மூலையைக் காலிசெய்து, இல்லாத ஃபிரிட்ஜைச் சுற்றிக்கொண்டு நடந்தவள். இப்போது ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டாள். மாலையில் அதற்கு எதிரே உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள். வெளிச்சம் மங்கிப்போகும். விளக்குப் போடத் தோன்றாது.

ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது உதட்டில் விரல் வைத்தாள். "கோச் வந்திருக்காங்க. செருப்பச் சத்தமில்லாம கழட்டு."

"அதே கேள்விய நான் கேக்குறேனேம்மா. ஃப்ரீயா."

"உன்கிட்ட சொன்னா, சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரிப்பேர் பண்ண உக்காந்துருவ. உங்கப்பா சிரிப்பாரு. நான் சும்மா சொல்லணும்டி. யாராவது சும்மா கேக்கணும்."

என் தொழிலே அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான்.

அந்த வாரம் முடிந்ததும் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தாள். "இது எல்லாத்துக்கும் சரி சரிங்குது. அந்தம்மான்னா திருப்பிக் கேப்பாங்க. சேந்துடலாம்னு இருக்கேன்."

அதற்கடுத்த புதன்கிழமை, வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள். எழவில்லை.

விவரம் சொல்ல நான் அந்தப் பெண்மணியைத் தேடிப் போனேன். அவர் சொன்னார்: "சரின்னு திங்கக்கிழமையே போன் பண்ணிட்டாங்கம்மா. ஆசையையும் சொன்னாங்க. குணமானவங்கள வீட்ல கொண்டுபோய் விடுற ஆஸ்பத்திரி வேன் இருக்குல்ல, அத ஓட்டணுமாம். ஸ்கூட்டர்தான் தெரியும், பரவால்லையான்னு கேட்டாங்க. முதல்ல லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னேன். வியாழக்கிழமை போறேன்னாங்க."

அந்தப் புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிய அம்மா ஜன்னலருகே நின்றிருந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர்க்கடைப் பலகையின் கடைசி வரியை உதடசைத்துப் படித்தாள்.

"கண்ல தூசியாம்மா?"

"ம்" என்றவள், கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.