எல்லைக்கோட்டில் ஒரு கட்டில்

டன்ஸ்காட்டின் சரித்திரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இந்த வழியாகப் போனான், நிற்கவில்லை. மற்றதெல்லாம் மழை. பார்ப்பதற்கு என்றால், சாய்ந்த கோபுரத்தோடு ஒரு மாதாகோவில், வாத்துகளே இறங்கத் தயங்கும் ஒரு குளம், ‘குருட்டு எருது’ என்ற மதுக்கடை, அப்புறம் பால் வண்டி ஓட்டி ஓய்ந்த வில்ஃப் ஹாட்ஜின் வீடு.

அந்த வீட்டைக் கட்டிய புண்ணியவான் எல்லைக்கல்லைக் கண்டுகொள்ளவே இல்லை. டன்ஸ்காட்டுக்கும் பக்கத்து ஊர் ஹாக்லிக்கும் இடையிலான கோடு சமையலறை ஜன்னலில் ஏறி, மாடிப் படுக்கையறைக் கட்டிலை நட்டநடுவில் பிளந்துகொண்டு போகும். சாய்வுக் கூரையின் கீழ் கட்டிலை வேறெங்கும் நகர்த்தவும் முடியாது. மனைவி ஆலிவ் டன்ஸ்காட் பக்கம் படுப்பாள், வில்ஃப் ஹாக்லி பக்கம். “எங்க ஊருக்குள்ள கால நீட்டாதய்யா!” என்று ஒரு உதை விடுவாள். பிறகு ஒருநாள் தன் பாதியிலேயே செத்துப்போனாள். டன்ஸ்காட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

தனக்கும் அவள் பக்கத்திலேயே இடம் வேண்டும் என்று வில்ஃப் புதுப் பாதிரியார் பென்ரோஸிடம் போய் நின்றார்.

“இடமே கொஞ்சந்தான் மிச்சம், வில்ஃப். ஊர்க்காரங்களுக்கே பத்தாது. நீங்க ஹாக்லிப் பக்கம் தூங்குறவரு.”

“பொண்டாட்டி இங்க, நான் அங்கயா? ஹாக்லிக் கல்லறைய ஒட்டிப் பன்னிக் கொட்டகை இருக்குங்கய்யா!”

“எங்க தூங்குறீங்களோ அதுதான் உங்க ஊரு. நான் என்ன செய்ய?”

மதுக்கடைக்காரி நெல்லி பாசெட் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அட கூறுகெட்ட கெழவா, ஒரு தடவ பொரண்டு அந்தப் பக்கம் படுத்துத் தொலையேன்!”

வில்ஃப் கோப்பையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஆலிவ் நல்ல கனத்த உடம்புக்காரி. மெத்தையில் அவள் படுத்த இடம் பள்ளமாகவே நின்றுவிட்டது. அவள் போனதிலிருந்து அதன்மேல் அவர் கைகூட வைத்ததில்லை. படுத்தால் கலைந்துவிடும் என்று பயம். இதை நெல்லியிடம் சொன்னால் ஊரே சிரிக்காதா?

வசந்தம் வந்தது. எல்லை எது என்று மறந்துவிடாமலிருக்க, வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் ஊரே பாதிரியார் பின்னால் எல்லையைச் சுற்றி நடந்து, வழியில் இருப்பதை எல்லாம் மரக்குச்சியால் அடிக்கும். கல் இருந்தால் கல்லுக்கு அடி. எவன் வீட்டு வேலியாவது குறுக்கே வந்தால் வேலிக்கு அடி. வில்ஃப் வீட்டில் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். பென்ரோஸின் அங்கி தண்ணீர்க் குழாயில் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து நெல்லி பக்தி சிரத்தையோடு ஒரு தள்ளு தள்ளியதில் மனிதர் பாத்திரத் தொட்டிக்குள் போய் விழுந்தார்.

எல்லோரும் மாடிக்கு ஏறிக் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். குச்சிகள் எழும்பின. மூலைக்கு ஒருவராக ஓங்கியதில் பாதிக் குச்சிகள் ஆலிவின் பள்ளத்துக்கு நேராகவே நின்றன.

“நிறுத்துங்கடா!” என்று கத்தினார் வில்ஃப்.

பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஹாக்லி பக்கம் உட்கார்ந்து, ஆலிவின் பக்கமாகப் புரண்டார். ஒல்லி மனிதர்; பள்ளம் அவரை அப்படியே உள்வாங்கிக்கொண்டது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

“கொஞ்சம் தள்ளிப் படுடி, ஆலிவ்” என்றார் அவர்.

முதலில் குச்சியைத் தாழ்த்தியவள் நெல்லிதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பென்ரோஸ் ஈர அங்கியோடு கட்டிலருகே வந்தார். பிறகு குனிந்து, கட்டில் காலை வலிக்காத மாதிரி ஒரு தட்டுத் தட்டினார்.

“அப்ப இனிமே இந்தப் பக்கந்தான் தூங்குவீங்களா, வில்ஃப்?”

“தூங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் வில்ஃப், கண்ணைத் திறக்காமல். “சத்தம் போடாமப் போங்க. அவ முழிச்சுக்குவா.”