செங்கேணி அண்ணன் ஓட்டிய வெளிநாட்டு வண்டிகள்

முப்பது வருஷம் லாரி ஓட்டிய செங்கேணி அண்ணனுக்கு இனி பார்வை தேறாது என்று டாக்டர் எழுதிய சீட்டைப் படித்துச் சொன்னவன் நான்தான். பஞ்சாயத்து கிளார்க் தலையில் இந்த வேலையும் விடிகிறது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை. "என் பொஞ்சாதி பவளத்துக்குத் தெரியும், உனுக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சுது, உன்ன வுட மாட்டேன்" என்றார்.

அவர் பயத்துக்குக் காரணம் பஞ்சாயத்து டிவி. எண்பத்தைந்தில் எங்கள் ஊர் மானாம்பதிக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்தது. அதைப் பூட்டிவைக்கும் அறையின் சாவி அண்ணனிடம். லாரி போன பிறகு அவருக்கு ஊரில் மிச்சமிருந்த மரியாதை அந்தச் சாவிதான். தலைவர் ராஜாராமோ அதைத் தன் மச்சான் முத்துவேலுக்குக் கொடுக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை வெளிநாட்டு கார் நிகழ்ச்சி ஒன்று இங்கிலீஷில் வரும். தொப்பிக்காரன் ஒருவன் வாரம் ஒரு வண்டியை ஓட்டிக் குறை சொல்வான். ஜனம் எழுந்து போகப் பார்த்தது. அண்ணன் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. இன்ஜின் சத்தத்தை வைத்தே மேடு, வளைவு, எத்தனையாவது கியர் என்று சொல்லிவிடுவார். மிச்சமெல்லாம் நம்ம ஊர் சமாச்சாரம். "திருப்பதிக்கு ஏழு பேரு தாராளமா போலாம்ன்றான். டாப்புல நெல்லு மூட்ட ரெண்டு. ஆனா ஹாரன் சரியில்ல, ஆடு நவுராது." நிறத்தையும் சொல்வார். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் எவன் மறுக்கப் போகிறான்?

ஒரு வாரம் அந்தத் தொப்பிக்காரன் புது வண்டியைச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமலே எடுத்துவிட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள் பதறினாள். "அய்யய்யோ, பழம் வெக்காம எடுக்கறானே, கட்டைல போறவன்!" அடுத்த நிமிஷம் பிரேக் கிறீச்சிட்டது. "பாத்தியா?" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு கூட்டம் நூறைத் தாண்டியது. நான் ஒவ்வொரு ஞாயிறும் அவரை ஒட்டியே உட்கார்ந்துகொள்வேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நிகழ்ச்சி நடுவே படம் பட்டென்று போய்விட்டது. சத்தம் மட்டும் வந்தது. அண்ணன் நிறுத்தவில்லை.

"செவப்பு வண்டி. ஏரிக்கர மேல ஏறுது பாரு. டிரைவர் வேர்வைய தொடச்சிக்கிறான்."

அவர் தொடையைக் கிள்ளினேன். கையைத் தட்டிவிட்டார். நூறு பேரும் இருண்ட பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பவளம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பாவி, அழுதே விட்டேன்.

முத்துவேல் எழுந்துபோய் பெட்டியை அணைக்க ஸ்விட்சில் கை வைத்தான்.

"டேய், வந்து உக்காரு" என்றார் ராஜாராம். "வண்டி இன்னும் மேட்டுல ஏறிக்கினு கீது. நீ சொல்லுண்ணே."