விரலால் போட்ட கோடுகள்

கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அம்மா காய்ச்சலுக்குப் படுத்திருந்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அங்கே டாக்டருக்கு உதவியாக இருந்தார். முப்பது வயதிருக்கும். ஒல்லியான முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம். கூட்டம் ஓய்ந்த மத்தியானங்களில் மேஜைமேல் ஆள்காட்டி விரலால் கோடு போட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "என்னம்மா எழுதுறீங்க?"

"சீன எழுத்துண்ணே. சீனாவுலதான் டாக்டருக்குப் படிச்சேன். இங்கன வைத்தியம் பாக்கணும்னா இன்னொரு பரீட்சை பாஸ் பண்ணணும். இந்தத் தடவையும் போயிருச்சு. காலையிலதான் ரிசல்ட் வந்துச்சு."

இதைச் சொல்லும்போதும் அவர் விரல் நிற்கவில்லை.

"அங்க எழுத்துச் சொல்லிக்குடுக்கையில மொதல்ல வெறும் கோடுதான் போடச் சொன்னாக. படுக்கைக் கோடுன்னா எடமிருந்து வலம். நிக்கிற கோடுன்னா மேலருந்து கீழ. இந்தா, இது எடப்பக்கம் சரியும், அப்புறம் இது வலப்பக்கம் சரியும். ரெண்டும் சேந்தா மனுசன்னு அர்த்தம்."

"படிப்புதான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கும்மா இது?"

"இதுல எதுக்கப்புறம் எதுன்னு தெரியும்ணே. அலுத்துப்போய் உக்காந்திருக்கையில அது போதும்."

அம்மா அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் அவர், "நான் டாக்டர் இல்ல ஆத்தா" என்று திருத்துவார். வீட்டுக்குக் கிளம்பிய அன்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன் டாக்டரம்மா" என்றார்.

அன்று அவர் திருத்தவில்லை. "சாப்பிட்டதுக்கப்புறம் மாத்திரையப் போடுங்க ஆத்தா" என்று மட்டும் சொன்னார்.

அவர் திருத்தாமல் விட்டது அலுப்பினாலா, வேறு எதனாலாவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.