சாயங்காலக் காய்ச்சல்

என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழு வயதில் அந்தக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும். கழுத்திலும் முதுகிலும் சிவப்பாகத் தடிக்கும். விடிந்தால் இரண்டும் இருக்காது. முழங்கால் மட்டும் வீங்கியே இருந்தது. பிறகு நடப்பதும் நின்றது. கழிப்பறைக்கும் தூக்கித்தான் போனேன்.

ஆஸ்பத்திரியில் காலையில்தான் பார்ப்பார்கள். அப்போது உடம்பு சில்லென்று இருக்கும். எங்கேயாவது விழுந்திருப்பாள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். தடிப்பைச் சொன்னதும் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் என் வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டார்.

"மீன் கையோட புள்ளய தொடாத மேரி. உன்னாலதான் இப்டி கீது."

"அப்ப நீ தூக்கு. நீ இன்னா, கப்பல்ல பூவா எறக்குற?"

ஆனாலும் பயந்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவினேன். வேலையை விட்டேன். காய்ச்சல் விடவில்லை. ஸ்டெல்லா அழுவதையும் விட்டுவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ராயபுரத்தில் எங்கள் மாதா கோவிலில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நவநாள் ஜெபம். நோயாளிப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைப்பார்கள். சாமியார் எண்ணெய் பூசுவார். நான் ஒன்றுதான் கேட்டேன். மாதாவே, இது என்னவென்று தெரிந்த ஓர் ஆளைக் காட்டு.

அன்று மழை. ஒரு பெண் ஒதுங்க வந்து ஓரமாக நின்றார். எண்ணெய் பூசுவதற்காக ஸ்டெல்லாவின் முடியை ஒதுக்கினேன். கழுத்துத் தடிப்பு வெளியே தெரிந்தது. அவர் நேராக எங்களிடம் வந்துவிட்டார்.

"இந்தத் தடிப்பு காலையில இருக்குமா?"

"இருக்காதும்மா. காய்ச்சலும் இருக்காது. மீனாலன்னு சொல்றாங்க."

முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "இது மீனால இல்லம்மா. இந்த மாதிரிப் பிள்ளைங்களத்தான் நான் தேடிட்டிருக்கேன்."

அவர் டாக்டர். பிள்ளைகளின் உடம்பு தன்னையே தாக்குகிற நோய்களை ஆராய்கிறவர். மறுநாளே தன் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சாயங்காலம் காய்ச்சல் ஏறும்போது பக்கத்தில் இருந்து பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதித்தார். பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகை மூட்டு வாதம் என்றார். ஊசி ஆரம்பித்தார்கள். மெல்லக் காய்ச்சல் இறங்கியது. ஒருநாள் ஸ்டெல்லா தானாகக் கட்டிலை விட்டு இறங்கினாள்.

வீட்டுக்காரர் என்னிடம் வந்து நின்றார். "புள்ள வஞ்சரம் மீனு கேக்குது மேரி."

"என் கை படலாமா?"

"அட, வுடும்மே."

நோய் முழுதாகப் போகவில்லை. ஊசி தொடர்கிறது. பள்ளிக்கு நடந்து போகிறாள். மாதாவுக்கு நன்றி. முன்பு ஜெபம் முடிந்ததும் எழுந்து போய்விடுவேன். இப்போது பக்கத்தில் இருக்கிற பிள்ளை யாருடையது, என்ன நோய் என்று கேட்கிறேன்.

கேளுங்கள், மாதா ஆள் அனுப்புவாள். அந்த ஆள் ஊசி போடச் சொன்னால் போடுங்கள். ஆராய்ச்சிக்கென்று டாக்டரம்மா ஸ்டெல்லாவின் ரத்தம் கொஞ்சம் கேட்டார். அவளே கையை நீட்டினாள். எங்கேயோ ஒரு தாய் இப்போது என்னைப் போல மாதாவிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்.