புது டார்ச்சின் ஞாபகசக்தி

எங்கள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்கிற இடத்தில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்காமல் என்ன செய்வார்கள்? பால் பாக்கெட் வாங்கினால் நாலு மூலையையும் அமுக்கிப் பார்ப்பார். மாத்திரை வாங்கினால் காலாவதித் தேதியைப் படித்துவிட்டு, அந்தத் தேதியை அச்சடித்தவன் யோக்கியனா என்று கேட்பார். சொந்தக்காரர்கள் சும்மா நலம் விசாரிக்கப் போன் செய்தால்கூட, பேசி முடித்துவிட்டு, எதற்காகக் கூப்பிட்டான் என்று அரை மணி நேரம் யோசிப்பார். இந்த மனிதரோடு இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். அதற்காக எனக்கு யாரும் மாலை போட வேண்டாம், குறுக்கே பேசாமல் இதைக் கேட்டால் போதும்.

லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்க்கிறவன் எதையும் நம்பினால் வீடு திரும்ப மாட்டான் என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் லிஃப்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதை மிளகாய்த்தூள் வரைக்கும் கொண்டுவந்தால் கட்டிக்கொண்டவளுக்குப் பைத்தியம் பிடிக்காதா?

அவருடைய பழைய டார்ச் லிஃப்ட் குழிக்குள் விழுந்து உயிரை விட்டது. அதே கம்பெனியின் புது டார்ச் ஒன்றை வாங்கி வந்தார். நடுவிரல் நீளம்தான் இருக்கும், சட்டைப் பையில் போட்டால் இருக்கிற இடம் தெரியாது. பெட்டிமேல் 'மேம்படுத்தப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர், "அப்ப இத்தனை வருஷமா மேம்படாததைத்தான் என் தலையில கட்டியிருக்கான்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் டார்ச்சுக்குப் பரீட்சை நடந்தது. வாளித் தண்ணீரில் முக்கினார். ஃப்ரீசரில், என் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டார். துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தார். வெளியே நின்று எங்கள் மகள், "அப்பா, உள்ளயே இருந்துடுங்க, சாப்பாடு தள்ளிவிடுறேன்" என்றாள். உச்ச வெளிச்சத்தில் வைத்தால் டார்ச் கைக்குச் சூடேறி, ஒரு நிமிஷத்தில் தானாகவே ஒரு படி இறங்கிவிடும் என்று கண்டுபிடித்தார். பெட்டியில் போட்டிருக்கிற வெளிச்சம் ஒரு நிமிஷத்துக்குத்தானாம், அதுவும் ஒரு ஏமாற்றாம். அடியில் இருந்த காந்தம் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. இரும்பில் ஒட்டி வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம் இல்லையா? வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போவார்.

அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதது அதன் ஞாபகசக்தி. அணைக்கும்போது எந்த வெளிச்சத்தில் இருந்ததோ, மறுபடி போட்டால் அதே வெளிச்சத்தில் எரியும். பழையது எப்போது போட்டாலும் மங்கலில்தான் தொடங்கும். அவருக்கு மங்கல்தான் வேண்டும். குழிக்குள்ளே எல்லாம் எண்ணெய் பூசிய இரும்பு, வெளிச்சம் அதிகமானால் திருப்பிக் கண்ணில் அடித்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் மங்கலுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அணைப்பார். இதை என்னிடமும் விளக்கினார். நான் உம் கொட்டினேன், காதில் வாங்கவில்லை.

காதில் வாங்குகிற நிலையில் நான் இல்லை. அந்த வாரம்தான் என் இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்திருந்தேன்.

நான் ஒரு துணிக்கடைக்கு உடுப்பு தைத்துக் கொடுப்பவள். அளவு திருத்துவது, ஜிப் மாற்றுவது, எல்லாம் வீட்டு மிஷினில்தான். சின்ன வயதிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தே பழக்கம். ஒரு நாள் கடிக்கும்போது சுருக்கென்றது. நாக்கால் தடவினால் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு நாளில் போய்விடும் என்று விட்டேன், போகவில்லை. காரம் பட்டால் எரிந்தது. என் கூடத் தைத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு இப்படித்தான் வாயில் ஆரம்பித்தது. அவள் இப்போது இல்லை. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. இவரிடம் சொன்னால் குடைந்து எடுத்துவிடுவார், மகளிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். வாயை விட்டு வெளியே வந்தால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். ஆகவே வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. செல்போன் வெளிச்சம் முகம் முழுக்க அடிக்குமே தவிர வாய்க்குள் போகாது. இந்தக் குட்டி டார்ச்சோ அதற்கென்றே செய்தது போல இருந்தது. சாயங்காலம் அவர் கைக் கருப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிற நேரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நிற்பேன். உச்ச வெளிச்சத்தில் வைத்து வாயைப் பிளப்பேன். நேற்றைக்கு இன்றைக்குப் பெரிதாகியிருக்கிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? பார்த்துவிட்டு அணைப்பேன், பழைய இடத்தில் ஒட்டிவிடுவேன். என்ன வெளிச்சத்தில் அணைத்தேன் என்று யார் பார்த்தார்கள்?

ஒரு நாள் முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு முகத்துக்குப் பக்கத்தில் டார்ச்சைப் போட்டிருக்கிறார். மங்கலாக எரியும் என்று நினைத்தது பளீரென்று அடித்துக் கண் இருண்டுவிட்டது. கால் தடுமாறி, கைக்கு அகப்பட்ட கம்பியைப் பிடித்ததால் முழங்கைத் தோலோடு போனது. கம்பி கிடைக்காமல் இருந்தால்? அவருக்கு ஊற்றிய குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றினேன். அதையும் அவர் பார்த்தார்.

நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் டார்ச்சில் கோளாறு இல்லை, வீட்டில் யாராவது எடுத்திருப்பார்கள் என்றாராம். அதையும் நம்பாமல் டார்ச்சை மங்கலில் அணைத்து, வேலை செய்யும் இடத்திலேயே கருவிப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்தார். மறுநாள் மங்கலில்தான் எரிந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஆக, கோளாறு டார்ச்சில் இல்லை, வீட்டில். டார்ச்சை மறுபடி கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தார், அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பார்க்க ஆரம்பித்தார்.

இனிமேல் அதைத் தொடுவதில்லை என்று நான் கையை அடக்கித்தான் வைத்திருந்தேன். நாலைந்து நாள் தாங்கினேன். அப்புறம் திட்டு நாக்குக்குத் தடித்தது போலத் தோன்றவே மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை மறக்காமல் மங்கலுக்குக் கொண்டுவந்து அணைத்தேன். என்ன பிரயோஜனம்? மனிதர் ஸ்விட்ச் சுவரைப் பார்க்கும்படி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஸ்விட்ச் கூடத்தைப் பார்க்கிறது.

நடுவில் மிளகாய்த்தூள் விவகாரம் வேறு. எனக்கு எரிகிறதென்று குழம்பில் காரத்தைக் குறைத்திருந்தேன். ருசி பார்த்தவர், மளிகைக் கடைக்காரன் தூளில் கலப்படம் செய்கிறான் என்று முடிவு கட்டி, மீதித் தூளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போய் அவன் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு வந்தார். அந்தப் பாவத்துக்கு அவன் இன்றுவரை எனக்குக் கொசுறு தருவதில்லை.

டார்ச் பழி மகள் தலையில் விழுந்தது. வேலைக்குப் போகிற பெண், போனும் கையுமாக இருக்கிறாள். டார்ச்சை வைத்து யாருக்கு ஜாடை காட்டுகிறாய் என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவள் கொதித்துவிட்டாள். இந்தக் காலத்தில் ஜாடை காட்ட டார்ச் வேண்டுமா என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் அது அவருக்குப் புதிதாக இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் என்னால் பொறுக்கவில்லை. நான்தான் எடுத்தேன், கீழே விழுந்த ஊசியைத் தேட எடுத்தேன் என்றேன். சொல்லும்போதே என் முழி சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்டால் சமாளித்துவிடலாம், கேட்காமல் இருந்தால்தான் ஆபத்து.

அடுத்த விடுமுறை நாள் மதியம், மகள் வெளியே போயிருந்தாள். நான் மிஷினில் இருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ இப்பல்லாம் நூலைப் பல்லால கடிக்கிறதில்ல" என்றார். "கத்தரிக்கோலைத் தேடுற. மிளகாய்த்தூள்ல கலப்படம் இல்லன்னு மளிகைக்காரன் என் கண் முன்னாடியே அரைச்சுக் காட்டிட்டான், அப்ப காரத்தைக் குறைச்சது நீதான். ஊசி தேடினா டார்ச் கண்ணாடியில வாய் ஆவி படிஞ்ச கறை எப்படி வரும்?"

நான் தைத்துக்கொண்டிருந்த துணியையே பார்த்தேன்.

"வாயைத் திற" என்றார்.

அதட்டியிருந்தால் திறந்திருக்க மாட்டேன். குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது சொல்வது போலச் சொன்னார். திறந்தேன். முதலில் மங்கலில் போட்டார், என் கண் கூசக் கூடாதென்று. அப்புறம் ஒரு படி, அப்புறம் உச்சம். எத்தனை மாடி உயரத்தில் நின்றாலும் ஆடாத கை. வெளிச்சம் என் மூக்கிலும் உதட்டிலும் மாறி மாறி விழுந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். டார்ச் சூடேறித் தானாக ஒரு படி இறங்கிய பிறகும் பார்த்தார். பிறகு அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல. பல்லு குத்தியிருக்கும். டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம். எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அத்தனை நாளும் தனியாகப் பயந்தேனே, அதெல்லாம் ஒரு பயமே இல்லை. அப்போது வந்ததுதான் பயம்.

ஆஸ்பத்திரியில் நாலாவது மாடிக்குப் போக வேண்டும். லிஃப்டில் ஏறினோம். கதவு எப்படி மூடுகிறது என்று பார்க்கவில்லை, கயிற்றுச் சத்தத்துக்குக் காது கொடுக்கவில்லை, பேசாமல் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். ஒரு மாதம் இருக்கும் என்று சொல்லிவைத்தேன். "இல்ல டாக்டர், மூணு மாசம் ஆகப் போகுது" என்றார் இவர். "டார்ச் வாங்கின வாரத்துலருந்து இவ நூலைக் கடிக்கிறதில்ல. அதோட மூணு மாச வாரண்டி இந்த மாசம் முடியுது." டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மூன்று மாதம் என்று எழுதிக்கொண்டார். ஓரம் உடைந்த பல்லொன்று கன்னத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை ராவி வழவழப்பாக்கினார்கள். திட்டிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது. இவர் பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்க்காமல் வாங்கி வந்தார். மளிகைக் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். மகள் தாமதமாக வந்தாலும் ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் எதற்காகக் கரடியாகக் கத்தினேனோ அது தானாக நடந்தது, எனக்குத் தாங்க முடியவில்லை. மகள் சமையலறைக்கு வந்து, "அம்மா, அப்பா என்னை ஒரு கேள்வி கேட்டாக்கூட நல்லாருக்கும்மா" என்று சொல்லி அழுதாள். ஏதாவது கேளுங்களேன் என்று நானே அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். என்ன கேட்க என்றார். டார்ச்சை மட்டும் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் எடுப்பார், நான் வாயைத் திறப்பேன், பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்பார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னார்.

முடிவு வந்த அன்று மறுபடி நாலாவது மாடி. டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு, கெட்டது ஒன்றும் இல்லை, பல் உரசியதால் வந்த திட்டுதான், அப்படியே விட்டிருந்தால் பின்னால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். தலையை ஆட்டினார், நன்றி சொன்னார், எழுந்தார். டாக்டர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். எனக்கு இன்னும் மூச்சு முழுதாக வரவில்லை.

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் காலை வைக்கப் போனேன்.

"இரு" என்றார்.

கதவு மூடுகிறவரை விட்டுவிட்டு, இடுக்கில் காதை வைத்தார். சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார், மங்கலில் போட்டு, கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே அடித்துக் குனிந்து பார்த்தார். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

"சத்தம் சரியில்ல. எனக்கு சந்தேகமா இருக்கு. படியில போலாம்" என்றார். இரண்டு படி இறங்கியதும் நின்றார். "அந்த டாக்டர் காகிதத்தைச் சரியாப் படிச்சாங்களான்னும் தெரியல. இன்னொரு இடத்துல காட்டிடலாமா?"

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பதறிப்போய் என் முகத்தில் டார்ச்சை அடித்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டார்.

"எங்கயும் வலிக்கலங்க" என்றேன். "எத்தனை இடத்துக்கு வேணும்னாலும் வரேன். கூட்டிட்டுப் போங்க."